டீச்சருங்களுக்கு வி.ஆர்.னா பயமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

எங்க பசங்க ஸ்கூல்ல சயின்ஸ், மேத்ஸ் ரெண்டுக்கும் வி.ஆர். (கண்ண மூடற மாதிரி ஹெட்செட் மாட்டிக்கிட்டா, கம்ப்யூட்டர் காட்டற எடத்துக்குள்ளயே நிக்கற மாதிரி தெரியுமே, அந்த விர்ச்சுவல் ரியாலிட்டி) கேம்ஸ் வாங்கலாம்னு பேரன்ட்ஸ் கமிட்டில பேச்சு ஓடுது. டெமோ பாத்த பசங்க குதிக்கிறாங்க, டீச்சர்ஸ்ல பாதி பேர் மூஞ்சிய தூக்கி வச்சிருக்காங்க. புதுசா எது வந்தாலும் இவங்களுக்கு பயம்தான்னு தோணுது. நீங்க என்ன நினைக்கறீங்க?

– எம்.

அன்புள்ள எம்.,

சிலருக்கு சும்மாவே அலுப்பு இருக்கும், அத மறுக்கல. ஆனா நான் பேசிப் பாத்த டீச்சருங்க கேட்டது ஒண்ணுதான், "எந்தப் பாடத்துக்கு?" டெமோ காட்டறவங்க பெரும்பாலும் இதுக்கு மட்டும் பதில் சொல்றதில்ல.

சயின்ஸ் டீச்சருங்களுக்கு ஆசை இருக்கு. மின்புலத்த போர்டுல அம்புக்குறி போட்டு எவ்வளவு நேரம்தான் காட்டறது? 1990கள்லயே அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் கிறிஸ் டீட் குழு, பொருள் நகர்றத காட்ட நியூட்டன்வேர்ல்ட், மின்புலத்துக்கு மேக்ஸ்வெல்வேர்ல்ட்னு வி.ஆர்.லயே செஞ்சு பாத்தாங்க, ஆக ஐடியா ஒண்ணும் புதுசில்ல. மேத்ஸ்லதான் தகராறு. கனவடிவம், குறுக்குவெட்டு, வெக்டர் வரைக்கும் சரி. அல்ஜீப்ராவுக்கு என்ன பண்ணுவீங்க, பையன் ஸ்டெப் ஸ்டெப்பா நோட்டுல எழுதிப் பாக்கணும், ஹெட்செட் மாட்டினா நோட்டே தெரியாது. சரியான விடைய சுட்டா பாயின்ட்டுனு வர்ற கேமெல்லாம் பழைய வாய்ப்பாடு டெஸ்ட்டுக்கு வேஷம் போட்டதுதான், அதுலயும் பசங்க கணக்கு போடாம குருட்டாம்போக்குல சுட்டே லெவல் தாண்டிடுவாங்க.

டீச்சருங்க சொல்றதுல எனக்கு ரொம்ப உறைச்சது வேற. கிளாஸ்ல பாடம் நடத்தறப்ப அவங்க பசங்க மூஞ்சியப் பாத்துதான் போறாங்க, புருவம் சுருங்கினா திரும்ப சொல்வாங்க, கண்ணு எங்கயோ போனா ஒரு கேள்வி கேப்பாங்க. ஹெட்செட் மாட்டினா பாதி மூஞ்சி மறைஞ்சுடுது, முப்பது பேரும் முப்பது எடத்துல இருக்கான், யாரு அயனியப் பாக்கறான் யாரு சும்மா கைய வீசிட்டிருக்கான்னு தெரியாது, எல்லார் திரையையும் ஒரே நேரத்துல டீச்சர் பாக்கற வசதி இல்லாத சாப்ட்வேர்னா சும்மா காவலுக்கு நிக்கற மாதிரிதான்.

ஆய்வும் இவங்க பக்கம் கொஞ்சம் சாயுது. மக்ரான்ஸ்கி, மேயர் குழு 2019ல வெளியிட்டதுல ஒரே லேப் சிமுலேஷன கம்ப்யூட்டர்லயும் ஹெட்செட்லயும் குடுத்துப் பாத்தாங்க, ஹெட்செட்ல "உள்ளயே இருக்கோம்"ங்கற உணர்வு கூடிச்சு, கத்துக்கிட்டது கொறஞ்சுது. 2018ல பரோங், மேயர் ஆய்வுலயும் சாதா ஸ்லைடு ஷோதான் ஜெயிச்சுது, ஆனா வி.ஆர். பாடத்த நடுநடுல நிறுத்தி, பாத்தத சுருக்கி எழுதச் சொன்னப்ப படிப்பு முன்னேறிச்சு. நிறுத்தி எழுத வைக்கறது யாரு வேல? டீச்சர் வேலதான். பலன் தெரிஞ்ச ஆய்வுகளும் இருக்கு, ஒட்டுமொத்தமா வேஸ்ட்டுனு நான் சொல்லல.

மத்ததெல்லாம் தெரிஞ்சதுதான், சார்ஜ், லாகின், தலசுத்தல், துடைக்கறது, பாதி பீரியட் அதுலயே போயிடும். பசங்கள வி.ஆர்.ல ஊர் சுத்திக் காட்டற கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் 2015ல ஸ்கூலுக்குன்னே வந்துது, 2021ல மூடிட்டாங்க, அத நம்பி பாடம் தயார் பண்ணவங்க கதி? பசங்க வயசயும் பாத்துக்கங்க, மெட்டா குவெஸ்ட் ஹெட்செட்டுக்கு கொறஞ்ச வயசு 13னு இருந்தத 2023லதான் பெத்தவங்க கண்ட்ரோல்ல 10னு எறக்கினாங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு செட் இரவல் வாங்கி, மூஞ்சி தூக்கற டீச்சர்ல ஒருத்தர்கிட்டயே குடுங்க. பாடத்த அவரே தேர்ந்தெடுக்கட்டும். ஒருத்தன் மாட்டிக்கிட்டு நடக்க, மத்தவங்க பெரிய திரையில பாத்து அவனுக்கு வழி சொல்லி நோட்டுல எழுதட்டும், பத்து நிமிஷம் போதும். ரெண்டு வாரம் கழிச்சு அவங்களுக்கும் வி.ஆர். பாக்காத செக்‌ஷனுக்கும் ஒரே டெஸ்ட் வைங்க, மார்க்க கையில வச்சுக்கிட்டு அப்புறமா கமிட்டில பேசலாம்.