சான்றிதழுக்கு முன் ஒரு குறிப்பேடு

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் அறுபது பேர் இயந்திர உதிரிபாகங்கள் செய்கிறோம். வெளிநாட்டு வாடிக்கையாளர், தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் கேட்கிறார். மூன்று மாதத்தில் எல்லா ஆவணங்களையும் தயாரித்துத் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். பணியிடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைத்திருக்க முன்பு தொடங்கிய ‘ஐந்து எஸ்’ என்ற ஜப்பானியத் திட்டம் ஆறே மாதத்தில் நின்றுபோனது. வளரும் நாடுகளின் சிறு நிறுவனங்களுக்கு இவை ஒத்துவருமா?

பதில்: ஒத்துவரும், ஆனால் உங்கள் ஆலோசகர் சொல்லும் வரிசையில் அல்ல. 1950இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் ஜப்பானுக்குச் சென்று தரக் கட்டுப்பாடு பற்றி உரையாற்றியபோது, ஜப்பானியச் சரக்கு என்றாலே மட்டம் என்று உலகம் ஒதுக்கிக்கொண்டிருந்தது. எத்தியோப்பியா 2009இல் ஜப்பானின் உதவியுடன் சுமார் 30 நிறுவனங்களில் கைசென் எனப்படும், சிறுசிறு மாற்றங்களால் தொடர்ந்து மேம்படும் முறையைச் சோதிக்கத் தொடங்கி, 2011இல்தான் அதற்கெனத் தனி அமைப்பை ஏற்படுத்தியது. பின்தங்கிய நிலையிலிருந்தும் தொடங்கலாம், ஆனால் சோதனை முதலில், அமைப்பு பிறகு.

மூலப்பொருள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தரத்தில் வருவது, மின்வெட்டு, பழகிய தொழிலாளி வேறிடம் போய்விடுவது ஆகியவை உண்மையான இடையூறுகளே. என் அனுபவத்தில் இவற்றைவிடப் பெரிய தடை அச்சம். துளையின் விட்டம் கூடிப்போன பாகத்தை மேற்பார்வையாளரிடம் காட்டினால் கூலி பிடிக்கப்படும் என்று தெரிந்த லேத் தொழிலாளி, அதை நல்ல பாகங்களுக்கு அடியில் தள்ளிவிடுவார். அந்தப் பிழை வாடிக்கையாளரின் கிடங்கில்தான் வெளிப்படும். உங்கள் ‘ஐந்து எஸ்’ நின்றதற்கும் அதைத் தொழிலாளர்கள் நிர்வாகத்தின் சோதனையாகக் கருதியதே காரணமாக இருக்கலாம்.

எனவே முதலில் அந்தப் பிடித்தத்தை நிறுத்துங்கள். அதிகம் கழிவாகும் ஓர் இயந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒதுக்கப்பட்ட பாகம் எத்தனை, எந்த ஷிஃப்டில், எந்தக் காரணத்தால் என்பதை அங்கு வேலை செய்பவரே குறிப்பேட்டில் எழுதட்டும். அளவுக் கருவிகளையும் சரிபாருங்கள். பல நேரங்களில் குற்றம் கைகளில் இருக்காது, தேய்ந்த கேஜில் இருக்கும்.

சான்றிதழ் பிறகு வரட்டும். அது வழக்கமாக மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். இடையில் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு என்பதால், ஏட்டில் மட்டும் இருக்கும் நடைமுறை விரைவில் அம்பலமாகும். இன்னொன்று: ஐ.எஸ்.ஓ. 9001இன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு தரக் கையேடு என்ற ஒன்றைக் கட்டாயமாக்கவில்லை, ஆனாலும் தடித்த கையேடுகளின் விற்பனை மட்டும் குறைந்தபாடில்லை! மூன்று மாதக் குறிப்பேட்டை உங்கள் ஆலோசகரிடம் கொடுத்துப் பாருங்கள். அதைப் புரட்டாமலே ஆவணம் எழுத உட்காருபவரானால், வேறு ஆலோசகரைத் தேடிக்கொள்ளுங்கள்.