நான்கு புள்ளிகளும் கடந்தகால வினாத்தாளும்

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். பத்திரிகையில் விஞ்ஞானச் செய்திகளை வாசிப்பதைக் கண்ட ஆசிரியர், "பரீட்சைக்கு வராததை வாசித்து நேரத்தை வீணாக்காதே, கடந்தகால வினாத்தாளைச் செய்" என்கிறார். புதிய கண்டுபிடிப்புகளை மாணவர் அறிந்துகொண்டே இருப்பது அவசியந்தானா?
– மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: அவசியம். வினாத்தாளைச் செய்யச் சொன்னதற்காக உங்கள் ஆசிரியரைக் குறை கூறமாட்டேன். பல்கலைக்கழகக் கதவைத் திறப்பது உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளிதான் என்பதை அவர் அறிவார். ஆனால், பரீட்சைக்கு வராதது வீண் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியாது.

2018 இன் கடைசியில், அம்பாறைப் பக்கம் உறவினர் ஒருவரின் சோளன் காணிக்குப் போயிருந்தேன். இலைகள் சல்லடையாகிக் கிடந்தன. குருத்துக்குள் ஈர மரத்தூள்போலப் புழுவின் எச்சம் நிறைந்திருந்தது. வழக்கமான குருத்துப்புழு என்று எண்ணி, கடையில் கொடுத்த மருந்தை அவர் இரண்டு முறை நடுப்பகலில் அடித்திருந்தார். வெயில் நேரத்தில் புழு குருத்தின் அடியில் ஒளிந்துகொள்ளும் என்பதும், காலையிலோ மாலையிலோ குருத்துக்குள் விழும்படி அடித்தால்தான் ஓரளவேனும் பயன் கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியாது. ஒரு புழுவை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தேன்: தலையில் கவிழ்த்துவைத்த கவண்போல வெளிறிய கோடு, வாற்பக்கத்தில் சதுரத்தின் மூலைகளாக நான்கு கரும்புள்ளிகள். அது சேனா படைப்புழு.

அமெரிக்கக் கண்டத்துக்குரிய அந்தப் பூச்சி 2016 இல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதத்தில் இந்தியாவின் கர்நாடகத்திலும் கண்டறியப்பட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் நமது முன்மாரிச் சோளனுக்குள் புகுந்துவிட்டது. அதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீற்றர் வரை பறக்கக்கூடியது என்பதும், அந்த நான்கு புள்ளிகளே அடையாளம் என்பதும் அதற்கு முன்பே செய்தியாகியிருந்தன. அந்த வீட்டிலும் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தது. பூச்சியின் உருமாற்றத்தைப் பிழையின்றிப் படம் கீறிப் பெயரிடக்கூடிய பிள்ளை. தகப்பனின் காணியில் இருந்த புழு மட்டும் அதற்குத் தெரியவில்லை. பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்? பாடத்திட்டத்துக்கு அப்பால் பார்க்காதே என்று பழக்கியவர்கள் பெரியவர்களாகிய நாங்கள்தான்.

பாடநூலும் ஒருநாள் செய்தியாக இருந்ததுதான். மனிதக் கலமொன்றில், பரம்பரை இயல்புகளைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் 46 என்று எழுதி நீங்கள் புள்ளி வாங்குகிறீர்கள். 1956 வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, 48 என்பதே உலகெங்கும் சரியான விடையாக இருந்தது. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் சுவீடனின் லுண்ட் நகரில், கலங்களை வீங்கச் செய்து, நெருங்கிக் கிடந்த நிறமூர்த்தங்களை விலக்கிப் படமெடுத்து எண்ணிய பிறகே அது திருந்தியது. அந்தக் கதையை அறிந்த மாணவிக்கு 46 என்பது மனப்பாடம் செய்த எண்ணாக மட்டும் இராது. எப்படி எண்ணினார்கள் என்று கேட்கும் பழக்கமும் அதனோடு வரும்.

அந்தப் பழக்கம் செய்தி வாசிக்கும்போதும் வேண்டும். கைப்பேசியில் வருவதெல்லாம் விஞ்ஞானம் அன்று. யார் அளந்தார், எத்தனை முறை அளந்தார், வேறொருவர் செய்தபோதும் அதே முடிவு கிடைத்ததா என்று பாருங்கள். விடை இல்லாத செய்தியை நம்பவும் வேண்டாம், பிறருக்கு அனுப்பவும் வேண்டாம்.

வாரத்தில் ஒரு மணித்தியாலம் போதும், அதுவும் அந்த வாரம் படிக்கும் பாடத்தோடு தொடர்புடைய செய்தியாக இருக்கட்டும். அடுத்த முன்மாரிக்கு உங்கள் அயலில் யாரேனும் சோளன் விதைத்தால், குருத்தை விரித்து அந்த நான்கு புள்ளிகளைத் தேடிப் பாருங்கள். கண்டால் அவரை அன்றைக்கே விவசாயப் போதனாசிரியரிடம் அனுப்பிவிட்டு, வினாத்தாளுக்குத் திரும்புங்கள்.