மிளகு நாத்து பாக்கெட்ல கரப்பான், கோழிய விடலாமா?

கொடைக்கானல் மலையில தாண்டிக்குடி பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "ஐயா, மிளகு நாத்து பாக்கெட்ட கிளறுனா பளபளன்னு கறுப்பா கரப்பான் மாதிரி ஓடி மண்ணுக்குள்ள புதையுது. தண்ட மண்ணு மட்டத்துல சுரண்டி வச்சிருக்கு. கடையில குருணை மருந்து போடச் சொல்றாங்க, பக்கத்து தோட்டத்துக்காரரு கோழிய விடு பொறுக்கிரும்ங்கிறாரு. எது பண்ணட்டும்?"

ரெண்டும் வேணாம் தம்பி. மொதல்ல கோழிய அந்தப் பக்கம் விடாதீங்க.

நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது சூரினாம் கரப்பானாத்தான் இருக்கணும், அறிவியல் பேரு பிக்னோசீலஸ் சூரினாமென்சிஸ். அடுப்படியில ஓடுற பெரிய செவப்பு கரப்பான் வேற குடும்பம், இது பிளாபெரிடே. 1758லயே லின்னேயஸ்ங்கிற விஞ்ஞானி தென் அமெரிக்காவுல இருக்கிற சூரினாம் நாட்டுப் பேர வச்சுட்டாரு, ஆனா பூர்வீகம் நம்ம ஆசியாதான், செடி மண்ணோட கப்பலேறி உலகம் பூரா போயிருச்சு, குளிர் நாட்டுல கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள மட்டும் பொழைக்குது. இதுல அனேகமா எல்லாம் பொட்டைதான், ஆணே இல்லாம குட்டி போடும். ஆண் இருக்கறது இண்டிகஸ்னு தனி இனம். அதனால ஒரு மூட்டை எருவுல ஒண்ணே ஒண்ணு வந்தாலும் போதும், பெருகிரும்.

கோழி ஏன் வேணாம்னா, கோழிக் கண்புழுவ சுமக்கிறதே இந்தக் கரப்பான்தான். கோழி அதக் கொத்தித் தின்னதும் புழு தொண்டை வழியா ஏறி கண்ணுக்குப் போயிரும், புழுவோட முட்டை கண்ணீரோட எறங்கி எச்சத்துல விழும், எச்சத்த மறுபடி கரப்பான் திங்கும். உங்க கோழி எதுக்காவது கண்ணுல தண்ணி வடியுதா, இமை ஒட்டிக்கிதா? இருந்தா நாளைக்கே கால்நடை டாக்டர்ட்ட கொண்டு போங்க.

இப்ப நீங்க கேக்காதத சொல்றேன். எரு எங்க வாங்குனீங்க? கீழ நாட்டுலருந்து லாரியில வர்ற அரைவேக்காட்டு சாணம்தானே? எத்தனை தடவ சொன்னாலும் நம்மாளுக கேக்க மாட்டேங்கிறாங்க, கறுப்பா இருந்தா மக்கிருச்சுன்னு நெனச்சு அப்படியே பாக்கெட்ல அடைக்கிறாங்க. இந்தக் கரப்பானுக்கு சாப்பாடே மக்குற பொருள்தான், அது பத்தாதப்பதான் தண்டுக்கும் வேருக்கும் வருது. எருவ நாலடி ஒசரத்துக்கு குமிச்சு ஈரம் காயாம வச்சு, உள்ள கைவைக்க முடியாத சூடு வரணும், சூடு தணிஞ்சதும் ஓரத்த உள்ளயும் உள்ளத வெளியயும் பொரட்டிப் போடணும், மறுபடி சூடேறணும். மண்ணு வாசம் வந்தப்பறம் சலிச்சு நாத்துக்குப் போடுங்க. இந்த வேலைய எந்த மருந்தும் செய்யாது.

குருணை விக்கிறவருக்கு பூச்சி எதுன்னே தெரியாது, டப்பா போனா போதும். அது போரேட்ங்கிற பூச்சி மருந்தா இருந்தா 2020 கடைசியோட நாடு முழுக்க தடை, இன்னும் மேசைக்கு அடியில வச்சு குடுக்கிறாங்கன்னா அந்தக் கடைக்கே போகாதீங்க. இப்ப இருக்கிற பாக்கெட்ட ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க, வெளிய வந்து மேயும், பொறுக்கி சோப்புத் தண்ணி வாளியில போடுங்க. ரொம்ப இருக்கிற பாக்கெட்ல நாத்த மட்டும் எடுத்து புது மண்ணுக்கு மாத்திட்டு, பழைய மண்ண எருக்குமி நடுவுல பொதைச்சிருங்க.