வெளிநாட்டுச் செயலித் தடை: தனியுரிமை என்ற காரணம் நிற்குமா?

கேள்வி: உள்நாட்டு நிறுவனங்களும் அதே தரவைத்தான் அள்ளுகின்றன. வெளிநாட்டுச் செயலியை மட்டும் தடை செய்வது என்ன நியாயம் சார்?

பதில்: தனியுரிமைதான் காரணம் என்றால் நியாயமே இல்லை. இருப்பிடத்தையும் தொடர்பு எண்களையும் யார் எடுத்தாலும் பாதிப்பு உங்களுக்குத்தான். ஃபேஸ்புக் பயனர்களின் தரவு அனுமதியின்றிக் கைமாறிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தைத் தொடர்ந்து 2019-ல் அமெரிக்கா ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதமும் சில கட்டுப்பாடுகளும் போட்டதோடு விட்டது. சீன நிறுவனத்தின் டிக்டாக்குக்கோ 2024-ல் தனிச் சட்டமே வந்தது: விற்றுவிடு, இல்லையேல் வெளியேறு.

கேள்வி: அப்போ தடையே தப்புங்களா?

பதில்: அப்படிச் சொல்லமாட்டேன். சொந்த நாட்டு அரசு தரவைக் கேட்டால் அந்த நிறுவனத்தால் மறுக்க முடியுமா என்று பாருங்கள். சீனாவின் 2017 தேசிய உளவுச் சட்டம், 7-வது பிரிவு, எல்லா அமைப்புகளும் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. இதைக் காட்டித் தடை செய்தால் வாதம் நிற்கும். ஆனால் அது நாட்டுப் பாதுகாப்பு வாதம். இந்தியா 2020 ஜூன் 29 அன்று 59 சீனச் செயலிகளைத் தடுத்தது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி. அதில் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு எல்லாம் உண்டு, தனியுரிமை கிடையாது. அறிவிப்பில் மட்டும் பயனர் தரவுத் திருட்டு பற்றி நிறையவே பேசினார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியதே 2023-ல்தான்!

கேள்வி: அமெரிக்க உளவு அமைப்பின் கண்காணிப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடன் சொன்னதை மறந்துவிட்டீர்களா? அமெரிக்கா மட்டும் யோக்கியமா?

பதில்: மறக்கவில்லை. வெளிநாட்டவரின் தகவல் தொடர்புகளை அமெரிக்க நிறுவனங்கள் வழியாகவே கண்காணிக்க அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால்தான் ஐரோப்பிய நீதிமன்றம் 2020-ல் அமெரிக்காவுடனான தரவுப் பரிமாற்ற ஏற்பாட்டை ரத்து செய்தது. ஒரே அளவுகோல் வேண்டுமென்றால் ஐரோப்பாவைப் பாருங்கள். தரவை வெளியே அனுப்பியதற்காக 2023-ல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 120 கோடி யூரோ அபராதம். 2025-ல் டிக்டாக்குக்கு 53 கோடி. நிறுவனம் எந்த நாட்டுடையது என்று சட்டம் கேட்கவில்லை. (அமெரிக்காவோடு 2023-லேயே புது ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்பது வேறு கதை.)

கேள்வி: தடை போட்டால் தரவு வெளியே போவது நின்றுவிடுமா?

பதில்: அந்தச் செயலி வழியாக நிற்கும். ஏற்கெனவே போனது திரும்பாது. தரவுத் தரகர்கள் வேறு இருக்கிறார்கள். காசு கொடுத்தால் இருப்பிடத் தகவலே கிடைக்கும். எதிரி நாடுகளுக்கு அவர்கள் விற்பதைத் தடுக்கும் சட்டத்தையும் டிக்டாக் சட்டத்தோடு சேர்த்தே அமெரிக்கா நிறைவேற்றியது. என்னைக் கேட்டால் இரண்டில் அதுதான் உருப்படியானது.

கேள்வி: சீனா 2009-லிருந்தே ஃபேஸ்புக்கைத் தடுத்து வைத்திருக்கிறது. பதிலுக்கு நாமும் தடுத்தால் என்ன?

பதில்: செய்யலாம், அது வணிகப் பதிலடி. காரணமாக அதையே எழுதுங்கள்.