மளிகைக் கடைக்கு ஆப் வேண்டுமா, இணைப்பு போதுமா?

கேள்வி: விருதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஏறக்குறைய 400 குடும்பங்கள் வாட்ஸ்அப்பில் சாமான் பட்டியல் அனுப்பி வாங்குகின்றன. ஆப் செய்து தர ஒரு நிறுவனம் பெருந்தொகை கேட்கிறது. இன்னொருவரோ, ‘புரோகிரசிவ் வெப் ஆப் போதும், பாதிச் செலவில் முடித்துவிடலாம்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டாமவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால், பாதிச் செலவு என்பதற்காக அல்ல.

உங்கள் வாடிக்கையாளரின் போனை நினைத்துப் பாருங்கள். குழந்தையின் படங்கள், கல்யாண வீடியோக்கள், ‘சேமிப்பிடம் நிரம்பிவிட்டது’ என்ற எச்சரிக்கை. இடம் வேண்டும் என்றால் முதலில் நீக்கப்படுவது, மாதம் ஒருமுறை மட்டும் திறக்கும் மளிகைக் கடை ஆப்தான்.

புரோகிரசிவ் வெப் ஆப் என்பது அடிப்படையில் ஓர் இணையதளம். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் இணைப்பைத் தொட்டால் கடை திறந்துவிடும். பிளே ஸ்டோருக்குப் போக வேண்டியதில்லை. பிடித்தவர்கள் முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டால் மற்ற ஆப்களைப் போலவே ஐகான் வந்துவிடும். சிலர் இதை ‘முற்போக்கு வலைச்செயலி’ என்று மொழிபெயர்க்கிறார்கள். கேட்டால் கட்சி மாநாடு போல இருக்கிறது. ‘புரோகிரசிவ்’ என்பதற்கு இங்கே படிப்படியாக என்பதுதான் பொருள்: பழைய போனில் அடிப்படை வேலைகள் நடக்கும், புதிய போனில் கூடுதல் வசதிகள் கிடைக்கும்.

போனில் பிடிக்கும் இடம் எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு கணக்கு. 2017-இல் ட்விட்டரின் புரோகிரசிவ் வெப் ஆப்பான ட்விட்டர் லைட் வந்தபோது, அந்நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு ஆப் 23.5 எம்பி, லைட் பிடித்த இடம் 600 கேபி. ஃபிளிப்கார்ட்டின் கதை இன்னும் சுவையானது. எல்லோரும் ஆப்புக்கே வரட்டும் என்று 2015-இல் மொபைல் இணையதளத்தை மூடியது; அதே ஆண்டு நவம்பரில் ஃபிளிப்கார்ட் லைட் என்ற புரோகிரசிவ் வெப் ஆப்போடு பிரவுசருக்கே திரும்பி வந்தது. மக்கள் அதில் செலவிட்ட நேரம் 3 மடங்கானதாகக் கூகுள் எழுதியது. இந்தத் தொழில்நுட்பத்தை முன்னின்று பரப்பியதே கூகுள்தான் என்பதை மறக்காமல் அந்தக் கணக்கைப் படியுங்கள்.

உங்களுக்கு மிச்சமாவது முக்கியமாகப் பராமரிப்பில். ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று என இரண்டு நிரல்களைக் கட்டி மேய்க்க வேண்டாம். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர், கூகுளுக்கு ஒருமுறை 25 டாலர் என்ற பதிவுக் கட்டணமும் இல்லை.

இனி கவனிக்க வேண்டியவை. வேலை முடிந்தது என்று சொன்னதும், தளத்தை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, போனை ஃபிளைட் மோடில் வைத்து மறுபடி திறந்து பாருங்கள். இணையம் இல்லை என்று காட்டும் குரோமின் டைனோசர் வந்து நின்றால், உங்களுக்குக் கிடைத்தது வெறும் இணையதளம்; மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் பக்கத்தைக் காட்டுவது சர்வீஸ் ஒர்க்கர் என்ற சிறு நிரல். அது பக்கங்களைப் போனிலேயே சேமித்து வைத்திருக்கும்.

மளிகைக்காரருக்கு ஆபத்தும் அதே இடத்தில்தான். சேமித்து வைத்த பக்கத்தில் நேற்றைய கடலை எண்ணெய் விலை இருக்கும். வாடிக்கையாளர் அதைப் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டு, பில்லில் வேறு விலை கண்டால் சண்டைக்கு வருவார். அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே படமும் பெயரும் போனிலிருந்து வரட்டும்; விலை மட்டும் ஆர்டரை உறுதி செய்யும் நேரத்தில் சர்வரிலிருந்து புதிதாக வர வேண்டும். சிக்னல் இல்லாதபோது ‘விலை மாறக்கூடும்’ என்று திரையில் தெரிய வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஐபோன்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். ‘ஷேர்’ பொத்தானை அழுத்தி, முகப்புத் திரையில் அவர்களேதான் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தவர்களுக்கு மட்டுமே அறிவிப்புகள் போகும்; அதுவும் 2023-இல் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 16.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால்தான். முடிந்தால் கடையிலேயே ஒரு பையன் நின்று செய்து கொடுக்கட்டும்.

ஒன்றை மட்டும் முதல் நாளே முடித்துவிடுங்கள். டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள், தளம் செய்து தருபவரின் பெயரில் அல்ல. போன்களில் இருக்கும் ஐகான்கள் அந்த முகவரியோடு கட்டுண்டவை. பின்னாளில் அவரோடு மனக்கசப்பு வந்து முகவரி கைவிட்டுப் போனால், 400 வீடுகளிலும் மறுபடி முதலிலிருந்து சேர்க்கச் சொல்ல வேண்டியிருக்கும்.