வாசகர் கேள்வி – பதில்: இடைப்பட்ட உடல், பெரிய தோட்டா

கேள்வி: அமெரிக்காவில் பழைய ரிவால்வர்களைச் சேகரிக்கும் என் மைத்துனர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் ‘எல் ஃபிரேம்’ வகையைப் பற்றியே ஓயாமல் பேசுகிறார். பெரியதும் அல்லாத, சிறியதும் அல்லாத அந்த அளவில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: அந்த அளவு ஒரு நீண்ட தலைவலிக்குக் கிடைத்த மருந்து. 1935இல் .357 மேக்னம் தோட்டா அறிமுகமானபோது, அதன் அழுத்தத்தைத் தாங்கட்டும் என்று அந்நிறுவனம் தன்னிடமிருந்த மிகப் பெரிய சட்டகமான ‘என் ஃபிரேமை’ அதற்குத் தேர்ந்தெடுத்தது. வலிமையில் குறையில்லை, ஆனால் நாள் முழுவதும் இடுப்பில் சுமக்கும் காவலருக்கு அது பெரும் பாரம். 1955இல் அதே தோட்டாவை இலகுவான ‘கே ஃபிரேமில்’ அடக்கிக் காட்டினார்கள்; பின்னாளில் ‘மாடல் 19’ என்று எண்ணிடப்பட்டது அதுதான். இடுப்புக்குச் சுகம் கிடைத்தது, குழலுக்குத்தான் சோதனை வந்தது. சட்டகத்தில் இடம் போதாமல் குழலின் பின்முனையை அடிப்பக்கத்தில் சற்றே தட்டையாகச் சீவ வேண்டியிருந்ததால், 125 கிரெயின் எடையுள்ள வேகமான தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்ட துப்பாக்கிகள் சிலவற்றில், மெலிந்துபோன அந்த இடத்திலேயே விரிசல் விழுந்தது.

இந்த இரு அனுபவங்களுக்கும் பிறகு, 1980களின் தொடக்கத்தில் வந்ததுதான் எல் ஃபிரேம். கைப்பிடியின் அளவைக் கே ஃபிரேமில் இருந்தபடியே வைத்துக்கொண்டு, சட்டகத்தையும், தோட்டாக்களை நிரப்பும் சுழல் பாகமான சிலிண்டரையும் மட்டும் பெரிதாக்கினார்கள். குழலுக்கு அடியில் முனைவரை நீளும் கனத்த எஃகுப் பகுதியைச் சேர்த்ததால் முன்பக்கம் எடை கூடி, சுடும்போது முனை எழும்புவது குறைந்தது. 1955இலேயே கோல்ட் நிறுவனத்தின் ‘பைத்தான்’ இந்தத் தோற்றத்தோடு வந்துவிட்டது என்பதையும், அதன் சாயல் எல் ஃபிரேமில் தெரிகிறது என்பதையும் உங்கள் மைத்துனரிடம் சொல்லிப் பாருங்கள். இன்னும் இரண்டு மணி நேரம் பேசுவார்.

கேள்வி: எல் ஃபிரேம் வகையில் முதல் துப்பாக்கியாக மாடல் 586 வாங்குவதா, 686 வாங்குவதா? வாங்கும்முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

பதில்: எண்ணில் 5 என்று தொடங்குவது நீலப்பூச்சோ நிக்கல் பூச்சோ ஏற்றிய கார்பன் எஃகு; 6 என்று தொடங்குவது துருப்பிடிக்காத எஃகு. 86 என்று முடிந்தால் குறிபார்க்கும் பாகத்தைத் திருகி மாற்றியமைக்கலாம். 81 என்று முடிந்தால் அது அசையாதது. சுட்டுப் பழக விரும்புகிறவருக்கு 686தான் பொருத்தம். ஆனால் நீங்கள் கேட்பது சேகரிப்புக்கு என்றால், என் மனம் 586 பக்கமே சாய்கிறது. ஆழ்ந்த நீலத்தில் பளபளக்கும் எஃகுக்கு இணை இல்லை என்பது என் பலவீனம்.

முதலில் துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு சிலிண்டரை வெளியே திறந்தால், அதைத் தாங்கும் உலோகக் கரம் மறைத்திருந்த இடத்தில் மாடல் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணுக்குப் பின் சிறு கோடும் இலக்கமும் இருந்தால், வடிவமைப்பில் எத்தனையாவது மாற்றத்துக்குப் பின் வந்தது என்பதை அது சொல்லும். கோடே இல்லாதது முதல் வரிசை. அதனருகில் ‘எம்’ என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். தொடக்க காலத் துப்பாக்கிகளில், சில தோட்டாக்களின் பிரைமர் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உலோகம் சுத்தியல் ஊசியின் துளைக்குள் பிதுங்கிச் சிலிண்டரைச் சுழலவிடாமல் பிடித்துக்கொண்டதால், 1987இல் நிறுவனமே அவற்றைத் திரும்ப அழைத்து, பாகங்களை மாற்றி அந்த எழுத்தைப் பொறித்துத் தந்தது. ‘எம்’ இருந்தால் அசல்தன்மை போய்விட்டது என்று முகம் சுளிக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு; சுடுவதற்கும் வைத்திருக்கும் துப்பாக்கியில் அந்த எழுத்து இருப்பதே எனக்கு நிம்மதி.

பளபளப்பைக் கண்டு மட்டும் ஏமாற வேண்டாம். பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியோ, திருகுத் துளைகளின் விளிம்பு குழிந்தோ இருந்தால், பழைய பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டுப் புதிதாக நீலம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். நேர்மையாகத் தேய்ந்த அசல் பூச்சு, இத்தகைய புதுப்பொலிவைவிடச் சேகரிப்பாளரிடம் அதிக மதிப்புப் பெறும்.

கேள்வி: பழம்பொருள் உரிமம் எடுத்தால் பழைய துப்பாக்கிகளை வேறு மாநிலத்திலிருந்து நேரடியாக வரவழைக்கலாமாமே?

பதில்: அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அசல் நிலையில் உள்ள, 50 ஆண்டு நிறைந்த துப்பாக்கிகளை அந்த உரிமத்தில் பெறலாம். 1981இல் செய்த 586க்கு அந்தத் தகுதி 2031இல்தான் வரும். அதுவரை உங்கள் மாநிலத்தில் உள்ள உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகத்தான் பெற வேண்டும். 1960களின் மாடல் 19 என்றால் இப்போதே தகுதி உண்டு. மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம் என்பதால் அவற்றையும் பார்த்துவிட்டு ஆணை கொடுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய ரிவால்வரைத் தோல் உறையிலேயே பூட்டி வைத்திருக்கிறேன். போதுமா?

பதில்: பூட்டி வைத்தது சரி, உறையோடு வைத்ததுதான் தவறு. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்; அதைப் பதப்படுத்திய வேதிப்பொருள்களும் சேர்ந்து நீலப்பூச்சை அரித்துப் புள்ளி புள்ளியாகத் துருவேற்றும். இன்றே வெளியே எடுத்து, மெல்லிய எண்ணெய் தடவி, உறையைத் தனியாக வையுங்கள்.