எட்டுக்குக் கீழே யாரும் போடுவதில்லை

அன்புள்ள ஐயா,

எம்பிஏ மாணவர்கள் 60 பேரை, ஒருவர் எழுதிய கேஸ் ஸ்டடி அறிக்கையை இன்னொருவர் திருத்தச் சொன்னேன். பத்துக்கு எட்டு, இல்லையென்றால் ஒன்பது. குறிப்பு எழுதும் இடத்தில் 'நன்று', 'இன்னும் விரிவாக எழுதலாம்'. இதில் விமர்சனச் சிந்தனை எங்கே வளரும்? விட்டுவிடலாமா?

ஒரு மேலாண்மைத் துறை ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

விட வேண்டாம். நண்பனின் மதிப்பெண் தன் கையில் என்றால் எவரும் எட்டுதான் போடுவார். அதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன், புத்திசாலித்தனம்தான். மாணவர் போடும் எண் கணக்கில் சேராது என்று அறிவித்துவிட்டு, அவர் எழுதும் மதிப்புரைக்கு நீங்கள் மதிப்பெண் போடுங்கள். அறிக்கைக்கு 6, மதிப்புரைக்கு 4. அறிக்கையில் பெயர் வேண்டாம். ஒவ்வொன்றும் 3 பேரிடம் போகட்டும். 180 மதிப்புரைகளையும் நீங்கள் படிக்க முடியாது. ஆளுக்கு ஒன்றைக் குலுக்கி எடுத்துத் திருத்துங்கள். எது என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

பதினைந்து கட்டம் போட்ட ரூப்ரிக், அதாவது மதிப்பீட்டு அட்டவணை, உதவாது. ஃபால்ச்சிகோவ், கோல்ட்ஃபிஞ்ச் என்ற ஆய்வாளர்கள் இருவரும், மாணவர்களே சக மாணவர்களை மதிப்பிடுவது பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், உட்பிரிவு உட்பிரிவாகப் போட்ட எண்களைவிட, அளவுகோலை நன்கு புரிந்துகொண்டு மொத்தமாகப் போட்ட எண்ணே ஆசிரியரின் மதிப்பெண்ணுக்கு நெருங்கி வந்தது. மூன்று கேள்வி போதும்: முடிவு என்ன? சான்று எது? சான்றிலிருந்து முடிவுக்குப் போக, சொல்லாமலே எடுத்துக்கொண்ட அனுமானம் எது? மூன்றாவதில்தான் எல்லாரும் திணறுவார்கள்.

'விலையை 5% குறைத்தால் விற்பனை மீளும்' என்று ஓர் அறிக்கை சொல்கிறது. 'பரிந்துரையில் தெளிவில்லை' என்று எழுதினால் சுழியம். 'விற்பனை சரிந்த காலாண்டில் கடைகளுக்குச் சரக்கே போகவில்லை என்று அட்டவணை 2 காட்டுகிறது. விலைதான் காரணம் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?' என்று எழுதினால் முழு மதிப்பெண். இடத்தைச் சுட்டுகிறது, மாற்றுக் காரணம் தருகிறது, எழுதியவர் தப்பிக்க வழியில்லை.

இது தானாக வராது. முதல் சுற்றுக்கு முன் ஒரு வகுப்பு ஒதுக்கி, பழைய அறிக்கைகள் இரண்டைக் கொடுங்கள்: ஒன்று எளிமையானது, வாதம் உறுதி, மற்றது வரைபடமும் ஸ்வாட் கட்டமுமாக (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்ற நான்கு கட்டம்) பளபளப்பது, உள்ளே ஒன்றுமில்லாதது. எல்லாரும் தனித்தனியே போட்ட எண்களைப் பலகையில் எழுதுங்கள். பளபளப்புக்கு ஒருவர் 9 போட்டிருப்பார், இன்னொருவர் 4. அந்த இருவரையும் பேசவிடுங்கள். நீங்கள் குறுக்கே போகாதீர்கள்.

மதிப்புரை கைக்கு வந்தபின் திருத்தி எழுத ஒரு வாரம் கொடுங்கள். இறுதி அறிக்கையோடு ஒரு பக்கப் பதிலும் வர வேண்டும்: எந்தக் குறிப்பை ஏற்றேன், எதை மறுத்தேன், ஏன். மறுப்பவருக்கு மதிப்பெண் குறையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தவறான குறிப்புக்கும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.